நாலரை அடித் தடுப்பு

1991-ஆம் வருடம் ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் முன்னால் என் பூத்துக்கு லைன் வந்தது. திருத்தணி ம.பொ.சி. சாலையில் எட்டுக்கு ஆறு அடிக் கடை. எனக்கு இடது காலில் போலியோ. எஸ்.டி.டி. பூத் கொடுப்பதில் அன்று எங்களைப் போன்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அப்படித்தான் கிடைத்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட கேபின், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பக்கத்தில் சின்ன பிரிண்டர். பேசி முடித்து ரிசீவரை வைத்ததும் பில் வெளியே வரும். கூப்பிட்ட நம்பர், தேதி, நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு ரூபாய், எல்லாம் அதில் இருக்கும். பேசியவர் பெயர் மட்டும் இருக்காது.

பெயர் இல்லாத அந்தச் சீட்டைப் பற்றித்தான் முப்பது வருடத்துக்கு மேல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பூத், பிறகு பிரவுசிங் சென்டர், பிறகு டோர் ரிலே என்று நான் செய்த மூன்று தொழிலும் உண்மையில் ஒரே தொழில். பிறர் பேச்சுக்கு வழி விடுவது. அதில் ஒவ்வொரு முறையும் வந்த கேள்வியும் ஒன்றுதான்: "பேசினது யாரு?"

ஆடிக் கிருத்திகை அன்று என் கடை முன் வரிசை சரவணப் பொய்கைப் பக்கம் வரை நீளும். காவடி எடுத்து வந்தவர்கள், கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர்கள், மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குச் சேதி சொல்கிறவர்கள். பாதிப் பேர் தெலுங்கில் பேசுவார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை எங்கள் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஒரே ஜில்லாவாக இருந்த நகரிக்கு என் பூத்திலிருந்து வேறு கோடு போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம் என்று இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். ஊர்க்கதை பேசவும் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள்.

திருவிழா இல்லாத நாளில் வருகிறவர்கள் வேறு. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்கள் லுங்கி பேலுக்குப் பணம் கேட்டு வெளியூர் வியாபாரிகளைக் கூப்பிடுவார்கள். கால் கட்டணம் ஆரம்பிக்கும் இரவு வேளைக்காகக் காத்திருந்து காதலிப்பவர்கள் வருவார்கள். கடன்காரனுக்குப் பயந்து சொந்த ஊரை விட்டு வந்தவர் ஒருவர், மாதம் ஒருமுறை மனைவியிடம் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார். எங்கிருந்து பேசுகிறார் என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. போன் இல்லாதவர்கள் என் நம்பரையே பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தார்கள், யாருக்குச் சாவு, யாருக்குப் பிரசவம் என்பது எனக்குத்தான் முதலில் தெரியும்.

கடை வைத்த இரண்டாம் மாதமே ஒன்று புரிந்தது. எல்லா அழைப்புக்கும் வழி விட முடியாது. அப்போது ஐ.எஸ்.டி.யில் வெளிநாட்டு அரட்டை நம்பர்கள் சில பத்திரிகை விளம்பரங்களில் வந்துகொண்டிருந்தன. பையன்கள் வந்து அதற்கு அடித்துவிட்டு, மீட்டரைப் பார்த்ததும் சண்டைக்கு வருவார்கள். ஐ.எஸ்.டி.யைப் பூட்டுப் போட்டு வைத்தேன். வளைகுடாவில் மகனோ கணவரோ இருக்கிறவர்கள் கேட்டால் திறந்து விடுவேன். இரண்டாவது கேபினில் லோக்கல் மட்டும். எதற்கு வழி உண்டு, எதற்கு இல்லை என்பதை மூன்று வரியாகப் பெயிண்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். யார் என்று கேட்டதில்லை. எங்கே என்று மட்டும் கேட்டேன். 25 வருடம் கழித்து ஒரு கம்ப்யூட்டர் கோப்பில் இதே மூன்று வரியை வேறு மொழியில் எழுதப் போகிறேன் என்று அன்று தெரியாது.

1998 பிப்ரவரி 14-ஆம் தேதி கோவையில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு பூத்துகளைப் பார்க்கும் பார்வையே மாறியது. அந்த வருடம் என் கடையிலிருந்து யாரோ ஒருவர் ஒரு மிரட்டல் அழைப்பு செய்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் இரண்டு காவலர்கள் வந்தார்கள்.

"யாருய்யா பேசினது?"

"தெரியாது சார். ஆறு ரூபா குடுத்துட்டுப் போய்ட்டாரு."

"தெரியாமலா உள்ள விட்டே?"

பில் புத்தகத்தைக் கொடுத்தேன். பேசிய நேரத்தைக் கொடுத்தேன். சட்டை நிறம், வயது, பேச்சில் தெலுங்கு வாடை இருந்ததா என்று நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னேன். மாலை வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அந்த மிரட்டலைக் கேட்டவர்கள் பயந்து நடுங்கியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்; அதனால் கோபம் வரவில்லை. ஆனால் 'தெரியாமலா உள்ளே விட்டாய்' என்ற கேள்வி என்னோடே தங்கிவிட்டது. தபால் பெட்டியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மொட்டைக் கடுதாசி எழுதாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அதற்காகத் தபால்காரரைப் பெஞ்சில் உட்கார வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1898-ஆம் வருடத்துத் தபால் சட்டமும் 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டமும், ஆபத்துக் காலத்தில் சேதியை மறிக்கவும் திறந்து பார்க்கவும் அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்தன. அனுப்புகிறவன் ஒவ்வொருவனின் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லவில்லை. 1996 டிசம்பர் 18-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் (பி.யு.சி.எல்.) வழக்கில் உச்ச நீதிமன்றம் தொலைபேசிப் பேச்சும் அந்தரங்கம்தான் என்றது. ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும் என்றது.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு மூன்று வருடம் முன்பே பின்லாந்தில் ஒருவர் இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இதை நான் வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். யோஹன் ஹெல்சிங்கியஸ் என்பவர் 1993-இல் பெனட் என்று ஒரு சேவை நடத்தினார். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் பெயரை எடுத்துவிட்டு ஒரு எண்ணைப் போட்டு உரியவருக்கு அனுப்பும். பதில் வந்தால் அதே எண் வழியாக உங்களிடம் திரும்பும். அதற்காக எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவர் கம்ப்யூட்டரில் இருந்தே ஆக வேண்டும். 1995 பிப்ரவரியில், தங்கள் ரகசிய ஆவணம் ஒன்றை யாரோ அவர் வழியாக வெளியிட்டுவிட்டதாகச் சயின்டாலஜி சபை புகார் செய்தது. காவல்துறை வந்தது. பட்டியல் முழுவதையும் கொடுப்பதைத் தவிர்க்க ஒரே ஒரு பெயரைக் கொடுத்தார். 1996 ஆகஸ்டில் சேவையையே மூடிவிட்டார்.

நல்ல மனிதர்தான், அவரிடம் பட்டியல் இருந்தது, பட்டியல் இருக்கிறவனிடம் கேட்காமல் விடமாட்டார்கள். அதே தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் கோல்ட்ஷ்லாக், ரீட், சைவர்சன் என்ற மூன்று பேர், எவரிடமும் முழுப் பட்டியல் இல்லாத ஒரு பாதையை வரைந்துகொண்டிருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்து 2002-இல் இயங்கத் தொடங்கியதுதான் டோர். ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மாத்யூசனும் சைவர்சனோடு சேர்ந்து எழுதியது.

அந்தக் கதைக்கு வருமுன் பிரவுசிங் சென்டர். 2001-இல் பூத்தின் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்து ஆறு கம்ப்யூட்டர் போட்டேன். முதலில் டயல்-அப், பி.எஸ்.என்.எல். டேட்டா ஒன் பிராட்பேண்ட் வந்த பிறகுதான் நிம்மதி. பிளஸ் டூ ரிசல்ட் நாளில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம். மற்ற நாளில் ரயில் டிக்கெட், இன்ஜினீயரிங் கவுன்சலிங், யாஹூ சாட். ஒவ்வொரு கம்ப்யூட்டரைச் சுற்றியும் ஆளுயரப் பிளைவுட் தடுப்பு.

இந்தியாவில் சைபர் கஃபே எவ்வளவு முக்கியமான சாட்சி என்பதை நிறுவிய வழக்கு நம் எழும்பூரில் நடந்ததுதான். ஒரு பெண்ணின் பெயரில் யாஹூ குழுக்களில் ஆபாசமாக எழுதி, அவர் போன் நம்பரையும் போட்டுவிட்டிருந்தான் ஒருவன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று சொல்லப்படும் தீர்ப்பு 2004 நவம்பர் 5-ஆம் தேதி வந்தது. பிரவுசிங் சென்டர்காரர்களின் சாட்சியம் அதில் உதவியது. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த நீதியை நான் மனதார வரவேற்றேன். அன்று முதல் ஒரு நோட்டுப் போட்டுப் பெயரும் நேரமும் எழுதச் சொன்னேன். கட்டாயம் இல்லை, எழுதினால் எழுதட்டும்.

இதன் மறுபக்கமும் நடந்தது. 2007-இல் பெங்களூரில் ஒரு ஐ.டி. ஊழியரைப் புனே போலீசார் கைது செய்தார்கள். ஆர்குட்டில் சிவாஜி மகாராஜாவை இழிவுபடுத்தியதாகக் குற்றச்சாட்டு. ஐம்பது நாள் சிறையில் இருந்த பிறகுதான், அவர்களுக்குத் தரப்பட்ட ஐ.பி. முகவரி விவரமே தவறு என்று தெரிந்தது. அடுத்த வருடம் ஜூலை 26-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாக யாரோ அனுப்பியது. ஐ.பி. முகவரி ஒரு வாசல். அந்த வாசல் வழியாகப் போனவன் யார் என்று வாசலுக்குத் தெரியாது. என் கண்ணாடிக் கேபினும் அப்படித்தானே இருந்தது.

2011 ஏப்ரலில் சைபர் கஃபே விதிகள் வந்தன. அடையாள அட்டையின் நகல், பெயர், முகவரி, எந்தக் கம்ப்யூட்டர், எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார், எல்லாம் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். பார்த்த இணையதளங்களின் வரலாறும் வேண்டும். மாத அறிக்கையை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். தடுப்புகள் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது.

தச்சரைக் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு தடுப்பையும் அறுத்தோம். பிளைவுட் தூள் கீபோர்டு இடுக்கெல்லாம் போய், துடைக்க இரண்டு நாளாயிற்று.

மூலைக் கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெண் வருவார். முப்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை. அரை மணி நேரம் ஏதோ படிப்பார், சில நாள் நீளமாக எழுதுவார், காசைக் கொடுத்துவிட்டுப் போவார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. தடுப்பு அறுத்த வாரம் வந்தவர் நின்று பார்த்தார். நோட்டை நீட்டினேன். அட்டை நகலும் வேண்டும் என்றேன்.

"அண்ணா, பேரு எழுதித்தான் ஆவணுமா?"

"ஆமாம்மா. சட்டம் வந்திருக்கு."

பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. அவர் நல்லது எழுதினாரா கெட்டது எழுதினாரா என்பதல்ல. அவருக்கு அந்த மூலை தேவைப்பட்டது, நான் அதைக் கொடுக்க முடியாமல் போனது. செல்போன் வந்து 2013-இல் சென்டரை மூடும்வரை அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

காஞ்சிபுரத்தில் லினக்ஸ் ஆர்வலர்கள் கூடும் இடத்துக்கு 2015-இல் ஒரு நண்பரோடு போனேன். கல்லூரி மாணவர் ஒருவர் பலகையில் டோர் எப்படி வேலை செய்கிறது என்று வரைந்தார். எனக்குப் புரிந்தது நம் ஊர்ப் பஸ் பார்சல் கணக்கில்தான். ஒரு பொட்டலத்தைத் திருத்தணி கண்டக்டரிடம் கொடுக்கிறோம். அவர் அரக்கோணத்தில் இன்னொருவரிடம் கொடுக்கிறார். அவர் காஞ்சிபுரத்தில் மூன்றாமவரிடம். முதல் ஆளுக்குக் கொடுத்தவரைத் தெரியும், போய்ச் சேரும் இடம் தெரியாது. கடைசி ஆளுக்குச் சேரும் இடம் தெரியும், கொடுத்தவரைத் தெரியாது. நடு ஆளுக்கு இரண்டும் தெரியாது. பொட்டலத்தின் மேல் மூன்று உறை; ஒவ்வொருவரும் தன் உறையை மட்டும் பிரிப்பார். வெங்காயத் தோல் போல என்பதால்தான் 'தி ஆனியன் ரவுட்டர்' என்று பெயர்; அதன் சுருக்கம்தான் டோர். உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் சர்வரில் இந்தக் கண்டக்டர் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். ரிலே என்பது அதுதான்.

பொட்டலத்தில் கெட்டது இருந்தால் வாங்கியவர் யார் சட்டையைப் பிடிப்பார்? கடைசி கண்டக்டரை. எக்ஸிட் ரிலே நடத்துகிறவருக்கு வரும் புகார் எல்லாம் அப்படி வருவதுதான். 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒரு கணித ஆசிரியர் இதற்காகக் கைதாகி, மாதக்கணக்கில் காவலிலும் வீட்டுக்காவலிலும் இருந்து, அடுத்த வருடம்தான் விடுபட்டார். 2015-இல் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் லெபனான் என்ற சின்ன ஊரின் பொது நூலகம் ரிலே வைத்தது; போலீஸ் கவலை தெரிவித்ததும் நிறுத்தியது; செப்டம்பரில் ஊர் மக்கள் திரண்டு வந்து பேசிய கூட்டத்துக்குப் பிறகு நூலக அறங்காவலர்கள் மறுபடி ஓட விட்டார்கள். ஊரைக் கூட்டிப் பேசி முடிவெடுத்த அந்த நூலகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

2016-இல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் மாத வாடகைக்குச் சர்வர் எடுத்து எக்ஸிட் வைத்தேன். வீட்டு இணைப்பில் எக்ஸிட் வைக்கவே கூடாது என்று பழகியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அது நூற்றுக்கு நூறு சரி. எது வெளியே போகலாம் என்பதை எக்ஸிட் பாலிசி என்ற வரிகளில் எழுத வேண்டும். டோர் இயல்பாகவே 25-ஆம் போர்ட்டை மூடித்தான் வைத்திருக்கும். அது மின்னஞ்சல் அனுப்பும் வழி, திறந்தால் குப்பை அஞ்சல்காரர்கள் ஒரே இரவில் வந்து குவிவார்கள். விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445, டோரன்ட் ஓடும் 6881 முதல் 6999 வரை, இவையும் அந்த மூடிய பட்டியலில் உண்டு. என் கண்ணாடியில் ஒட்டியிருந்த மூன்று வரி இதுதான். யார் என்று கேட்பதில்லை, எங்கே என்று மட்டும் கேட்கிறது.

முதல் மூன்று வாரத்தில் பதினொரு புகார். பாதி 22-ஆம் போர்ட் வழியாக யாரோ பிறர் சர்வர்களின் கடவுச்சொல்லை ஆயிரம் முறை முட்டிப் பார்த்தது பற்றி. இரண்டு சினிமா காப்புரிமைப் புகார். ஒன்று, ஒரு பள்ளியின் இணையப் பக்கத்தில் யாரோ எழுதிய அசிங்கம். சர்வர் நிறுவனம் ஒவ்வொன்றையும் எனக்கு அனுப்பி, 48 மணி நேரத்தில் பதில் சொல்லாவிட்டால் சர்வரை நிறுத்துவோம் என்றது. புகார்களில் பெரும்பாலானவை மனிதர் எழுதியவை அல்ல. இயந்திரம் தானாக அனுப்புகிறவை. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நானே உட்கார்ந்து பதில் எழுதினேன். இது டோர் எக்ஸிட். அனுப்பியவர் யார் என்ற பதிவேடு என்னிடம் கிடையாது, வைக்கவும் முடியாது. உங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். எக்ஸிட் முகவரிகள் எல்லாம் பகிரங்கமானவை, அந்தப் பட்டியலை வைத்து உங்கள் பக்கத்தில் தடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு முகவரியைப் பற்றிய புகார் தொடர்ந்தால் அந்த முகவரிக்கு மட்டும் வழியை மூடினேன். 22-ஆம் போர்ட்டை முழுவதும் மூடிவிட்டேன். இணையப் பக்கங்களுக்கான 80, 443 இரண்டோடு இன்னும் சில மட்டும். அதன் பிறகு புகார் மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

இன்ன நாளில் இன்ன முகவரி டோர் ரிலேயாக இருந்ததா என்று யாரும் சரிபார்க்க டோர் திட்டம் 'எக்ஸோனரேட்டர்' என்று ஒரு சேவை வைத்திருக்கிறது. 1998-இல் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தவர்களிடம் காட்ட இப்படி ஒன்று என்னிடம் இருந்திருந்தால் பகல் உணவுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருப்பேன்.

புகார் கொடுத்தவரை எதிரியாக நினைக்கும் ரிலேக்காரர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பள்ளிக்காரர்களுக்கு வலித்திருக்கிறது. வழி விட்டவன் பதில் சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியல் வைத்திருந்தால்தான் பதில் சொன்னதாகும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடைநிலையாளர் வெறும் புகாருக்காக அல்ல, நீதிமன்ற உத்தரவுக்கோ அரசின் முறையான அறிவிப்புக்கோதான் எதையும் நீக்கக் கடமைப்பட்டவர் என்றது. ஆனால் காற்று வேறு திசையில்தான் அடித்தது. 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவில், சர்வர் வாடகைக்கு விடுகிறவர்களும் வி.பி.என். நடத்துகிறவர்களும் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று வந்தது. பெரிய வி.பி.என். நிறுவனங்கள் சில இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போயின. இந்தியாவில் ரிலே வைக்கிறவர்கள் ஏற்கெனவே மிகக் குறைவு. வெளிநாட்டிலும் வாடகை ஏறியது, எனக்கும் வயதாகிறது. எக்ஸிட்டை நடு ரிலேயாக மாற்றிவிட்டேன். நடு கண்டக்டருக்குப் புகார் வருவதே அபூர்வம்.

இருந்தாலும் புகார்ப் பெட்டியைத் தினமும் காலையில் பார்க்கும் பழக்கம் விடவில்லை. ரிலேயின் கோப்பில் தொடர்புக்கென்று ஒரு வரி உண்டு. அதில் என் மின்னஞ்சலும் ஊர்ப் பெயரும் இருக்கின்றன. போன ஆடியில், மலைப் பாதையில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்த காலை, ஐரோப்பாவில் ஒரு சிறிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர் நிர்வாகி எழுதியிருந்தார். என் முகவரி அவர்களின் தடுப்புப் பட்டியலில் வந்துவிட்டதாம், எக்ஸிட்டா நடுவா என்று தெரிந்தால் எடுத்துவிடலாம் என்றார். நடு என்று எழுதினேன். சரிபார்க்கும் வழியையும் எழுதினேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. பழைய கடையின் கதவைத் திறந்து, வாசலில் வந்து நின்ற பக்தர்களுக்குத் தண்ணீர்ப் பானையை எடுத்து வைத்தேன்.